கிரகத்தை நிறுக்கும் கணக்கு

"எட்டவே முடியாத கிரகத்தோட எடைய எப்படி சார் சொல்றாங்க?" மஞ்சக்குப்பம் டீக்கடையில், பக்கத்து எலக்ட்ரிக்கல் கடைத் தம்பி கேட்டார். ஒரு டீக்குள் முடிகிற பதில் இல்லை. இன்னும் இரண்டு போடச் சொன்னேன்.

இழுப்பை வைத்துத்தான் தம்பி. நட்சத்திரம் கிரகத்தை இழுக்கிறது. கிரகமும் நட்சத்திரத்தைக் கொஞ்சம் இழுத்து ஆட்டுகிறது. 1855-லேயே சென்னை வானாய்வகத் தலைவர் கேப்டன் ஜேக்கப், 70 ஒபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தின் பாதை கணக்கோடு ஒத்துவரவில்லை, ஏதோ கிரகம் இழுக்கிறது போலிருக்கிறது என்று எழுதினார். அவர் சொன்ன கிரகம் அங்கே இல்லை என்று பின்னால் தெரிந்தது. ஆனால் யோசனை சரி.

இன்றைக்கு அந்த ஆட்டத்தை ஒளியில் பார்க்கிறார்கள். நட்சத்திரம் நம்மை நோக்கி வரும்போது ஒளி சற்று நீலப் பக்கம் நகரும், விலகும்போது சிவப்புப் பக்கம். நம் பூமி சூரியனை ஆட்டுவது விநாடிக்கு வெறும் 9 சென்டிமீட்டர்!

வயதான, அமைதியான நட்சத்திரம் என்றால் இது நடக்கும். இளசு என்றால் தொல்லை. கார்த்திகைக்கும் ரோகிணிக்கும் நடுவே, வெறுங்கண்ணுக்குத் தெரியாமல், வி1298 டௌ என்று ஒன்று இருக்கிறது. வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். நம் சூரியனுக்கு 460 கோடி. இந்த இளசின் மேலெல்லாம் கரும்புள்ளிகள், வேகமான சுழற்சி. அந்தக் களேபரமே விநாடிக்கு நூறு மீட்டருக்கு மேல் ஆட்டம் காட்டும்போது, கிரகம் தருகிற சில மீட்டரை எங்கே தேடுவது?

"அப்ப?"

நட்சத்திரத்தை விட்டுவிட்டு, கிரகங்கள் ஒன்றையொன்று இழுப்பதைப் பார்த்தார்கள். அங்கே நான்கு கிரகங்கள். 2015-ல் கெப்ளர் தொலைநோக்கி பார்த்தபோது, ஒவ்வொன்றும் நட்சத்திரத்தின் குறுக்கே போகையில் ஒளி லேசாக மங்கியது. ஒன்று 24 நாளில் சுற்றுகிறது, வெளியே உள்ளது 48 நாள் சொச்சத்தில். இது ஏறக்குறைய இரு மடங்கு என்பதால், இரண்டும் ஏறக்குறைய ஒரே திசையிலேயே திரும்பத் திரும்ப நெருங்குகின்றன. ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளுகிற மாதிரி, சின்ன இழுப்புகள் சேர்ந்துகொண்டே போகும். அதனால் கிரகம் குறுக்கே வர வேண்டிய நேரத்துக்கு முன்னே பின்னே வருகிறது. அந்தப் பிசகு எவ்வளவு என்பதிலிருந்து, இழுத்த கிரகத்தின் எடை வந்துவிடும். நட்சத்திரம் எவ்வளவு கூச்சல் போட்டாலும் கடிகாரம் அவ்வளவாகக் கெடாது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்.

பொறுமைதான் வேண்டும். ஏறக்குறைய பத்து வருஷம் நேரம் குறித்தார்கள். வெளிக்கிரகத்தைக் கெப்ளர் ஒரே முறைதான் பார்த்திருந்தது; அது எத்தனை நாளுக்கொருமுறை வருகிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. 2026 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது: நான்கும் சுமார் 5 முதல் 15 பூமி எடைக்குள். 24 நாள் கிரகத்தை முன்பு ஒளி ஆட்டத்தை வைத்து 200 பூமி எடை என்றிருந்தார்கள், இப்போது 13.

பருமனைக் கேட்டால் சிரிப்பீர்கள். அந்த 13 பூமி எடைக் கிரகத்துக்குள் ஏறக்குறைய 800 பூமியை அடைக்கலாம்.

"உள்ள என்ன, வெறும் காத்தா?"

பெரும்பாலும் அதுதான். நடுவில் கல்லும் உலோகமுமாய்க் கரு, சுற்றிலும் உப்பிய வாயு. நட்சத்திரத்தின் எக்ஸ் கதிர்கள் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டு போகும், மிச்சம் ஆறிச் சுருங்கும். பூமிக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட அளவில் எங்கு பார்த்தாலும் கிரகங்கள் கிடைக்கின்றனவே, அவை இப்படிப் பிறந்து இளைத்தவை என்பதற்கு இந்த எடைதான் சாட்சி.