கப்பலில் முதற் பாடம்

குள்ளஞ்சாவடிப் பக்கத்து மாணவர்களுக்குப் பழுப்பு நிலக்கரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நெய்வேலியில் 1961-இல் முதன்முதலாக அதை வெட்டி எடுத்த நாள் தொட்டு, இவ்வட்டாரத்தின் அன்றாடப் பேச்சில் அது கலந்துவிட்டது. ஆனால் அந்தக் கரி கப்பலேறி நெடுந்தூரம் போவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? காரணம் எளியது. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். நூறு டன் அனுப்பினால் ஐம்பது டன் தண்ணீருக்கும் சேர்த்துக் கூலி கொடுக்க வேண்டும். ஆகவே சுரங்கத்தின் அருகிலேயே எரித்து, மின்சாரமாக்கிக் கம்பி வழியே அனுப்புகிறார்கள்.

தூத்துக்குடியில் கதை வேறு. நெய்வேலி நிறுவனமும் தமிழக மின் உற்பத்தி, பகிர்மானக் கழகமும் கூட்டாக அமைத்து, 2015-இல் இயங்கத் தொடங்கிய 1000 மெகாவாட் அனல்மின் நிலையம் அங்கே இருக்கிறது. ஒடிசாவின் தால்சேர் சுரங்கக் கரி ரயிலில் பாரதீப் துறைமுகம் வந்து, கப்பலேறி வங்கக் கடல் வழியாக அங்கே போய்ச் சேருகிறது. இத்தகைய கரிக் கப்பல் ஒன்றில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்களைப்போல் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒருவர் 'டெக் கேடட்' என்னும் பயிற்சி மாணவராக ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அங்கே என்ன வேலை?

விளம்பரங்களில் வெள்ளைச் சீருடையும் தொலைநோக்கியும் இருக்கும். உண்மையில் முதல் மாதங்களில் கையில் இருப்பது துரு சுரண்டும் சுத்தியலும் பெயிண்ட் பிரஷ்ஷும்தான். சரக்கறையைப் பெருக்க வேண்டும். கயிறு இழுக்க வேண்டும். விடியற்காலையில் மாலுமி மேடையில் நின்று கண்காணிக்க வேண்டும். இவற்றுக்கிடையே ஒரு நாள் முதன்மை அதிகாரி அவரிடம் ஒரு வாளியையும் ஒரு கண்ணாடிக் குழாயையும் கொடுத்து, "கடல் நீரின் அடர்த்தியைப் பார்த்து வா" என்பார். அந்தக் கண்ணாடிக் குழாய், உங்கள் ஆய்வுக்கூட அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் திரவமானியேதான்!

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை இடம்பெயர்க்கிறது. இது நீங்கள் மனப்பாடம் செய்த விதி. கப்பலை எந்தத் தராசிலும் ஏற்ற முடியாது. அது எவ்வளவு நீரை விலக்கியிருக்கிறது என்று பார்த்துத்தான் அதன் எடையை அறிய வேண்டும். அதற்காகவே கப்பலின் முன்புறம், நடு, பின்புறம் ஆகிய மூன்று இடங்களில், இரு பக்கமும் அளவுக் குறிகள் வரைந்திருக்கிறார்கள். அடிப்பாகம் நீருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை, அதாவது 'டிராஃப்ட்' எவ்வளவு என்பதை, அவை காட்டும். அலை ஏறி இறங்குவதால் உச்சத்தையும் தாழ்வையும் பலமுறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும்.

ஆனால் ஆழம் மட்டும் தெரிந்தால் போதுமா? போதாது. கடல் நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறக்குறைய 1025 கிலோகிராம். நன்னீரின் அடர்த்தி 1000. ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள ஹால்தியா போன்ற துறைமுகங்களில் இரண்டும் கலந்த நீர். மழைக்காலத்தில் ஒன்று, கோடையில் வேறொன்று. ஏற்றத்தில் ஒன்று, வற்றத்தில் வேறொன்று.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கப்பலும் சரக்குமாக 40,000 டன். கடல் நீரில் இந்தக் கப்பலை ஒரு சென்டிமீட்டர் அமிழ்த்த 50 டன் சுமை வேண்டும் என்று கொள்வோம். துறைமுக நீரின் அடர்த்தி 1010. பயிற்சி மாணவர் சோம்பிப்போய், வாளியை இறக்காமலே 1025 என்று எழுதிவிட்டால், 40,000 டன் கப்பல் ஏறத்தாழ 40,600 டன் என்று கணக்கில் வரும். இல்லாத 600 டன் கரி! சரக்கு ரயிலில் பத்து வேகன் நிறைய வரும். வாங்கியவருக்கும் விற்றவருக்கும் வழக்கு மூளும்.

இதன் மறுபக்கமும் உண்டு. இதே கப்பல் ஆற்று நீரிலிருந்து கடலுக்கு வந்ததும் ஒரு பிடி கரியும் இறக்காமலே சுமார் 12 சென்டிமீட்டர் உயரும். அதனால் ஆற்றுத் துறைமுகத்தில் அவ்வளவு கூடுதலாக அமிழ்த்தலாம் என்று விதிகள் இடம் தருகின்றன. எதுவரை அமிழலாம் என்பதைக் காட்டும் வட்டமும் கோடுகளும் கப்பலின் நடுப்பக்கவாட்டில் இருக்கின்றன. அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய கப்பல்கள் மாலுமிகளோடு மூழ்குவதைக் கண்டு பொறாத சாமுவேல் பிளிம்சால், பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் ஓயாமல் போராடினார். 1876-இல் சுமைக்கோடு அங்கே சட்டமாயிற்று. இன்று உலக நாடுகள் பின்பற்றுவது 1966-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை. அதில் நன்னீருக்கு ஒரு கோடு, வெப்ப மண்டலக் கடலுக்கு ஒரு கோடு, குளிர்காலக் கடலுக்கு ஒரு கோடு எனத் தனித்தனியே உண்டு.

அடர்த்தி பார்ப்பதிலும் பக்குவம் வேண்டும். கப்பலின் கழிவு நீர் விழும் இடத்தில் வாளியை இறக்கக் கூடாது. மேல்மட்டத்து நீரை மட்டும் மொள்ளக் கூடாது. கனமான உப்பு நீர் கீழே தங்கியிருக்கும். வெயிலில் வைத்துவிட்டுப் பிறகு பார்க்கவும் கூடாது.

இரண்டாவது கருவி ஆக்சிஜன் அளவி. இதை நான் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். குவித்து வைத்த பழுப்பு நிலக்கரி யாரும் தீ வைக்காமலே புகைவதை நெய்வேலிப் பக்கத்தில் கண்டவர்கள் உண்டு. கரி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல மெல்லச் சேர்ந்து வெப்பம் விடுகிறது. வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் குவியல் கனலும். கப்பலின் மூடிய சரக்கறையிலும் இதுவே நடக்கிறது. அதனால் பயணத்தின்போது கரியின் வெப்பநிலையை அளந்து எழுதுகிறார்கள். 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான கரியைக் கப்பலில் ஏற்றுவதில்லை.

தீயைவிடக் கொடியது, தீயில்லாமலே நடப்பது. மூடிய அறையின் ஆக்சிஜனைக் கரி தின்றுவிடுகிறது. கார்பன் மோனாக்சைடும் சேரலாம். இரண்டுக்கும் நிறமில்லை, மணமில்லை. சாதாரணக் காற்றில் 21 விழுக்காடு இருக்க வேண்டிய ஆக்சிஜன் பத்துக்கும் கீழே போன இடத்தில் ஏணி வழியே இறங்குகிறவர், மூச்சுத் திணறுவதாக உணர்வதற்கு முன்பே நினைவிழந்து விழுவார். விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் ஓடுகிறார், அவரும் விழுகிறார். மூடிய அறை விபத்துகளில் இப்படி உதவப் போய் மடிந்தவர்கள் ஏராளம். இதனாலேயே 2015 முதல் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மீட்புப் பயிற்சியும், 2016 ஜூலை முதல் கையடக்கக் காற்று அளவியும் கப்பல்களில் கட்டாயமாக்கப்பட்டன. அளவி 21-க்கு அருகில் காட்டி, அதிகாரியின் எழுத்து அனுமதியும் கிடைத்த பிறகே இறங்க வேண்டும். புதிதாக வந்த பயிற்சி மாணவரும், அளக்காத அறைக்குள் இறங்க மறுக்கலாம்; மறுக்கத்தான் வேண்டும்.

சேரும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்துச் சராசரி 60 விழுக்காடு, ஆங்கிலத்தில் 50 விழுக்காடு வேண்டும். 2008-இல் நிறுவப்பட்டுச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வு நடத்துகிறது. ஓராண்டுப் பட்டயப் படிப்புக்குப் பின் பதினெட்டு மாதம் கப்பலில் பயிற்சி; மூன்றாண்டுப் பட்டப்படிப்பும் உண்டு. பெண்களும் சேரலாம்.

பணம் கட்டுமுன் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்த நிறுவனம் இருக்கிறதா என்று பாருங்கள். கப்பலில் வேலை வாங்கித் தருவதற்கென்று மாலுமியிடம் கட்டணம் வாங்குவதே விதிகளுக்குப் புறம்பானது. ஆயினும் காணி நிலத்தை விற்று முகவரிடம் கொடுத்து ஏமாந்த குடும்பங்கள் நம் மாவட்டங்களில் உண்டு. அடுத்து, கண் மருத்துவரிடம் போய் நிறப்பார்வையைச் சோதித்துக்கொள்ளுங்கள். இரவில் எதிரே வரும் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கும் வலப்பக்கம் பச்சை விளக்கும் எரியும். அது எந்தத் திசையில் போகிறது என்பதை அவற்றைக் கொண்டே கணிக்கிறார்கள். நிறக்குருடு உள்ளவரை இப்பணிக்கு எடுப்பதில்லை. ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்கு இக்குறை பிறவியிலேயே இருக்கிறது; பெரும்பாலோர் யாராவது சோதித்துச் சொல்லும்வரை அதை அறிவதில்லை. புள்ளிகளால் ஆன எண்களைக் காட்டும் அந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.