பழகுநரின் பக்கத்து இருக்கை: காப்பீட்டைத் தீர்மானிக்கும் சில வரிகள்

புதுதில்லி: கார் ஓட்டப் பழகும் மகனின் அருகில் தந்தை அமர்ந்து செல்வது நாடெங்கும் காணும் காட்சி. அந்த இருக்கையில் அமர்பவர் யாராக இருக்க வேண்டும் என்பதை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3-வது விதி சில வரிகளில் கூறி முடித்துவிடுகிறது. விபத்து நேர்ந்தால், சேதமடைந்த காருக்குக் காப்பீட்டுத் தொகை கிடைக்குமா என்பது அந்தச் சில வரிகளைப் பொறுத்தே அமைகிறது.

வாகனம் ஓட்டுபவரிடம் செல்லத்தக்க பழகுநர் உரிமம் (எல்.எல்.ஆர்.) இருக்க வேண்டும், அதன் ஆயுள் 6 மாதங்கள். அந்த வாகனத்தை ஓட்டுவதற்கான நடப்பு உரிமம் உள்ள பயிற்றுநர் ஒருவர், வாகனத்தைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ இயலும் இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு நிற 'எல்' எழுத்து இருக்க வேண்டும். அட்டை 18 செ.மீ. சதுரத்துக்குக் குறையக் கூடாது. எழுத்தின் உயரம் 10 செ.மீ., தடிமன் 2 செ.மீ. எழுத்தின் தடிமனைக்கூட அளந்து சொல்லும் இவ்விதி, பயிற்றுநரின் அனுபவம் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிரிட்டனில் உடன் அமர்பவர் 21 வயது நிறைந்தவராகவும், உரிமம் பெற்று 3 ஆண்டுகள் ஆனவராகவும் இருக்க வேண்டும். இங்கு நேற்று உரிமம் பெற்றவர் இன்று பயிற்றுநர் ஆகலாம்.

'நிறுத்த இயலும் இடம்' என்பதும் எளிதில் விளங்குவதாக இல்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளின் கார்களில் இரட்டைக் கட்டுப்பாட்டு வசதி கட்டாயம். வீட்டுக் காரில் தந்தையின் கைக்கு எட்டுவது கைபிரேக் மட்டுமே. இருசக்கர வாகனத்தில் அதுவும் இல்லை. பின்னால் அமர்ந்திருப்பவர் எந்த பிரேக்கைப் பிடிப்பார்? நாட்டில் ஓடும் வாகனங்களில் பெரும்பகுதி இருசக்கர வாகனங்கள் என்பதை நினைத்தால், இது சிறிய கேள்வி அல்ல.

காப்பீட்டு ஆவணத்தில் 'ஓட்டுநர்' என்ற தலைப்பின் கீழ் உள்ள பத்தியைப் படிப்போர் குறைவு. பழகுநர் உரிமம் உள்ளவரும் வாகனத்தை ஓட்டலாம், ஆனால் 3-வது விதியை நிறைவு செய்திருக்க வேண்டும் என்று அதில் கூறப்பட்டுள்ளது. உரிமையாளரான ஓட்டுநருக்கு ரூ.15 லட்சம் வழங்கும் தனிநபர் விபத்துக் காப்பீடும் இதே விதியைச் சுட்டுகிறது. பயிற்றுநர் இன்றித் தனியே ஓட்டிச் சென்று காரைச் சேதப்படுத்தினால், கோரிக்கையை நிராகரிக்க நிறுவனத்துக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

விபத்தில் பாதிக்கப்பட்ட மூன்றாம் நபரின் நிலை வேறு. நேஷனல் இன்ஷூரன்ஸ் நிறுவனம் எதிர் ஸ்வரண் சிங் வழக்கில் 2004-ஆம் ஆண்டு ஜனவரியில் தலைமை நீதிபதி வி.என். கரே தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. பழகுநர் உரிமம் பெற்றவரும் முறைப்படி உரிமம் பெற்றவரே. அவர் ஓட்டிய வாகனத்தால் ஏற்பட்ட இழப்புக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்று அமர்வு கூறியது. நிபந்தனை மீறல் நிரூபிக்கப்படும் வழக்குகளிலும், இழப்பீட்டை முதலில் நிறுவனம் செலுத்திவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலிக்குமாறு உத்தரவிடத் தீர்ப்பாயத்துக்கு வழியுண்டு. அதாவது, சாலையில் நடந்து சென்றவர் கைவிடப்படமாட்டார். கார் உரிமையாளர் கைவிடப்படலாம்.

நாடாளுமன்றம் 2019-இல் நிறைவேற்றிய மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், உரிமமின்றி ஓட்டுவதற்கான அபராதத்தை ரூ.500-லிருந்து ரூ.5,000 ஆக உயர்த்தியது. உரிமமில்லாதவரிடம் வாகனத்தை ஒப்படைக்கும் உரிமையாளருக்கும் ரூ.5,000 அபராதம். சிறார் வாகனம் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, ரூ.25,000 அபராதம், அந்தச் சிறாரிடம் அவ்வாகனத்துக்கான பழகுநர் உரிமம் இருந்தால் இதிலிருந்து விலக்கு உண்டு.

இத்தனை தண்டனைகளுக்கு இடையிலும் பக்கத்து இருக்கைக்காரரின் தகுதியை அத்திருத்தம் வரையறுக்கவில்லை. மது அருந்தி வாகனம் ஓட்டுவதற்கான 185-வது பிரிவு, ஓட்டுபவரையும் ஓட்ட முயல்பவரையுமே குறிப்பிடுகிறது. அருகில் அமர்ந்து கற்றுக்கொடுப்பவரை அல்ல. இதற்கிடையே, 2021 முதல் ஆதார் சரிபார்ப்புடன் இணையவழியில் பழகுநர் உரிமம் பெறும் வசதியும் வந்துவிட்டது. உரிமம் பெற்ற 30 நாள்களுக்குப் பிறகே ஓட்டுநர் தேர்வு எழுத முடியும். அதுவரை அந்தப் பழகுநரின் ஓட்டும் திறனைப் பக்கத்தில் அமர்பவரைத் தவிர வேறு எவரும் சோதிப்பதில்லை.