சான்றிதழ் யாருக்காக?

அமெரிக்காவிலே வைத்தியசாலையொன்றில் இயன்மருத்துவராகப் பணிபுரியும் என்னிடம், உடன் பணிபுரியும் இளைஞரொருவர் அண்மையில் ஒரு வினாவை விடுத்தார். “புற்றுநோயியற் சிறப்புச் சான்றிதழுக்கான சோதனையை எழுதலாமா? எழுதினால் என்ன பயன்?” என்பதே அவ்வினா. சான்றிதழ்களோடு நாள்தோறும் பழகும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இவ்வினா புதியதன்று. ஆதலின், அவருக்கு நான் கூறிய விடையை ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

அந்நாட்டில் இயன்மருத்துவர் தொழில் புரிவதற்கு மாநில உரிமம் போதும்; சிறப்புச் சான்றிதழ் விரும்பினோர் பெறுவது. அதனை வழங்குவது அமெரிக்க இயன்மருத்துவச் சிறப்புத்துறைச் சபை. புற்றுநோயியலுக்கு 2016ஆம் ஆண்டில் ஒப்புதல் கிடைத்தது. முதற் சோதனை 2019இல் நடைபெற்றது. அத்துறையில் 2,000 மணிநேரம் நோயாளரைப் பராமரித்திருத்தல் வேண்டும். அன்றேல் அதற்கெனவுள்ள வதிவிடப் பயிற்சியை முடித்திருத்தல் வேண்டும். கட்டணமும் சிறிதன்று.

இனிப் பயனை நோக்குவோம். முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதியான மெடிக்கெயர், சான்றிதழ் பெற்றவரின் சிகிச்சைக்கென ஒரு சதமேனும் கூடுதலாகக் கொடுப்பதில்லை. சம்பள உயர்வு அவ்வவ் வைத்தியசாலையின் மனத்தைப் பொறுத்தது. புற்றுநோய் விடுதியிலேயே முழுநேரமும் பணிபுரிபவர் ஓராண்டில் 2,000 மணிநேரத்தை எட்டுவார். வாரத்தில் ஒருநாள் மட்டும் அந்நோயாளரைக் காண்பவருக்கோ ஐந்து ஆண்டுகள் செல்லும். இவ்வளவோடு கணக்கை முடித்தால், “வேண்டாம்” என்பதே விடையாகும்.

ஆயினும் என் நினைவில் நீங்காத நோயாளி ஒருவர் உளர். இச்சான்றிதழ் தோன்றுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னர், நுரையீரற் காய்ச்சலுக்காக வந்த ஒரு மாதை மீண்டும் நடக்கப் பயிற்றும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. முதுகு நோகின்றதென்றார். நாட்பட்ட படுக்கையின் விளைவென எண்ணிப் பயிற்சி கொடுத்தேன். ஆறாண்டுகளுக்கு முன் அவருக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தமை ஏட்டிலே எழுதப்பட்டிருந்தது. நானும் அதனை வாசித்திருந்தேன். வாசித்தேனேயன்றி அதன் பொருளை உணர்ந்தேனல்லேன். மூன்றாம் நாள் எழுந்து நிற்க முயன்றபோது அவருடைய கால்கள் ஓய்ந்தன. மூத்த இயன்மருத்துவர் வந்து கேட்ட வினா ஒன்றே: “இரவிலே படுத்திருக்கும்போது நோவு கூடுகின்றதா?” ஆம் என்றார் அவர். முள்ளந்தண்டிற் பரவிய புற்று நரம்பு வடத்தை நெரித்துக்கொண்டிருந்தது. நடக்கும் நிலையிலேயே சிகிச்சை தொடங்கப்பெற்றோர் பெரும்பாலும் தொடர்ந்து நடப்பர். கால் ஓய்ந்தபின் அவ்வாய்ப்புக் குறைவு. அம்மாது சக்கர நாற்காலியிலே வீடு சென்றார்.

புற்றுநோயாளர் அதற்குரிய விடுதியில் மட்டும் இருப்பவரல்லர். எலும்பு முறிந்தோரிடையிலும் இருதய நோயாளரிடையிலும் இருக்கின்றனர். குருதிச் சிறுதட்டுக்கள் பெரிதும் குறைந்தவருக்குக் கடும்பயிற்சி இரத்தக்கசிவை விளைவிக்கும். மருந்தினால் நரம்பு நலிந்தவர் பாதம் தூக்கமாட்டாது இடறி வீழ்வர். அறியாமையினால் எழும் அச்சமும் தீங்கே. மார்பக அறுவையின்பின் நிணநீர் வீக்கமுற்ற கையாற் பாரம் தூக்கலாகாது என்று நெடுங்காலம் தடுத்து வந்தனர். படிப்படியாகப் பயிற்றினால் அவ்வீக்கம் மிகுவதில்லை என்பதைக் கதரின் ஷ்மிட்ஸ் குழுவினர் 141 பெண்களிடம் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டனர்.

இவற்றையெல்லாம் சோதனை எழுதாமலே நூல்களிற் கற்கலாமே என்று இளைஞர் கேட்டார். கற்கலாம். அம்மாது சென்ற மறுநாளே நானும் அவ்வாறு உறுதி பூண்டேன். ஆண்டுகள் பல கழிந்தும் நூல்கள் மேசையிலேயே கிடந்தன. சோதனைக்கு விண்ணப்பித்து, நாளும் குறிக்கப்பட்ட பின்னரே அவற்றை முற்றாக வாசித்தேன். மனித இயல்பு அத்தகையது. ஆசிரியர்கள் இதனை என்னிலும் நன்கறிவர்.

ஆகவே அவருக்கு இவ்வாறு கூறினேன்: “சம்பளத்துக்காக எழுதுவதாயின் எழுதாதீர், ஏமாற்றமே எஞ்சும். அந்நோயாளரை அரிதாகவே காண்பீராயின், சான்றிதழை விடுத்து அடிப்படைகளையேனும் இவ்வாண்டே கற்றுக்கொள்ளும். நாள்தோறும் காண்பீராயின், தயங்காது எழுதும்.”

அவர் விண்ணப்பித்தாரோ, அறியேன். மறுநாட் காலையில், முதுகு நோகின்றதென்ற முதியவரொருவரின் ஏட்டை அவர் முதற்பக்கத்திலிருந்து ஆறுதலாக வாசித்துக்கொண்டிருக்கக் கண்டேன்.