தாரா நிலப்பரப்பும் எம்3 விரைவுச்சாலையும்: தொல்லிடத்தின் எல்லை குறித்த ஒரு போராட்டம்

ஆய்வுச்சுருக்கம்

அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில் உள்ள தாரா மலைக்கு அருகே எம்3 விரைவுச்சாலை அமைக்கப்பட்டதை எதிர்த்து 2000ஆம் ஆண்டுகளில் நீதிமன்ற வழக்குகளும் களத்தில் நேரடி நடவடிக்கைகளும் நிகழ்ந்தன. சாலை மலையைத் தொடவில்லை; மலையைச் சூழ்ந்த பள்ளத்தாக்கின் வழியே சென்றது. எனவே தொல்லிடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே வழக்கின் மையச் சிக்கலாயிற்று. அச்சிக்கல் சட்டத்திலும் தொல்லியல் நடைமுறையிலும் எவ்வாறு கையாளப்பட்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தாரா, லிஸ்மல்லின், நேரடி நடவடிக்கை, பதிவுவழிப் பாதுகாப்பு, தொல்லியல் நிலப்பரப்பு, நினைவுச்சின்னச் சட்டம்.

முன்னுரை

டப்ளின் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் தாரா மலை அமைந்துள்ளது. மலை என்று வழங்கினாலும் அது ஒரு நீண்ட புல்மேடுதான். அயர்லாந்தின் இடைக்கால இலக்கியம் இதனைப் பேரரசர்களின் இருக்கையாகப் போற்றுகிறது. இதற்கும் கிழக்கே உள்ள ஸ்க்ரீன் குன்றுக்கும் இடையே கிடக்கும் பள்ளத்தாக்கின் ஊடாக விரைவுச்சாலை அமைக்க அரசு முடிவு செய்தது. ஏற்கெனவே இருந்த என்3 சாலையைவிடப் புதிய சாலை மலையிலிருந்து கூடுதல் தொலைவில் செல்கிறது என்பது சாலை ஆணையத்தின் முதன்மை வாதம். இவ்வாதம் தகவலளவில் சரியானது. இருந்தும் எதிர்ப்பாளர்கள் மரங்களில் குடியேறினர். நிலத்தடிச் சுரங்கத்தில் தம்மைப் பூட்டிக்கொண்டனர். சரியான தகவல் ஒன்று எதிர்ப்பைத் தணிக்காமல் போனதற்கான காரணம், தாராவை இரு தரப்பாரும் எவ்வாறு வரையறுத்தனர் என்பதில் உள்ளது.

தாரா என்னும் இடம்

மேட்டின் மீது கண்ணுக்குப் புலப்படும் தொல்சின்னங்கள் முப்பதுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் மிகப் பழையது 'பிணையாளிகளின் மேடு' எனப்படும் இடைவழிக் கல்லறை. இது ஐயாயிரம் ஆண்டுப் பழைமை உடையது. அதனையும் பிற சின்னங்களையும் உள்ளடக்கி, இரும்புக் காலத்தில் வெட்டப்பட்ட 'அரசர்களின் அரண்' என்னும் பெரும் அகழி வளைவு செல்கிறது. லியா ஃபால் எனப்படும் நெடுங்கல் முடிசூட்டு விழாவோடு தொடர்புபடுத்தப்படுகிறது. உரிய அரசன் தொட்டால் கல் முழங்கும் என்பது தொன்மம். டின்ஹெனஹஸ் என்னும் பழைய ஐரிஷ் இலக்கிய வகை ஒவ்வோர் இடத்தின் பெயர்க் காரணத்தையும் கதையாகக் கூறுவது. தலபுராண மரபில் பயின்ற தமிழ் ஆய்வாளருக்கு அதன் நோக்கு அயலானதாகத் தோன்றாது. அவ்வகையில் தாராவுக்கு விரிவான பாடல்கள் உள்ளன.

1990களில் தொடங்கிய அரசுசார் ஆய்வுத் திட்டம் ஒன்று புவி இயற்பியல் அளவாய்வின் வழியே மேட்டின் மண்ணுக்கடியில் மறைந்திருந்த சின்னங்களை வெளிப்படுத்தியது. பிணையாளிகளின் மேட்டைச் சுற்றிக் குழிகளும் அகழியும் சூழ்ந்த மிகப் பெரிய முட்டை வடிவ வளாகம் ஒன்று அவற்றுள் குறிப்பிடத்தக்கது. கானர் நியூமன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தனர். தாராவின் சின்னங்களைத் தனித்தனிப் புள்ளிகளாகக் காண்பது பொருந்தாது. பள்ளத்தாக்கில் உள்ள அரண்கள், குடியிருப்புகள், வழித்தடங்கள் ஆகியவை அரச இருக்கையின் புறவெளியாகச் செயற்பட்டவை. சாலைக்கு எதிரான வாதத்தின் அறிவுத்தளம் இதுவே. எதிர்ப்பை வெறும் உணர்ச்சிப் பெருக்கு எனக் கருதியவர்கள் இந்த அளவாய்வுகளைக் கணக்கில் கொள்ளவில்லை என்றே கூற வேண்டும்.

1902: முதல் எதிர்ப்பு

தாராவைக் காக்கும் போராட்டம் சாலையோடு தொடங்கியதன்று. 1899 முதல் 1902 வரை, பிரித்தானிய இஸ்ரவேலர் எனத் தம்மை அழைத்துக்கொண்ட ஒரு குழுவினர், விவிலியம் கூறும் உடன்படிக்கைப் பேழை அங்கே புதைந்துள்ளது என நம்பி, நில உரிமையாளரின் இசைவுடன் 'சமயப் பேரவைகளின் அரண்' என்னும் சின்னத்தைத் தோண்டினர். பேழை கிடைக்கவில்லை, அரணின் பெரும்பகுதி சிதைந்தது. டக்ளஸ் ஹைட், ஜார்ஜ் மூர், டபிள்யூ. பி. யேட்ஸ் ஆகிய மூவரும் 1902 சூனில் இலண்டன் டைம்ஸ் இதழுக்குக் கண்டன மடல் எழுதினர். மாட் கான் களத்துக்கே சென்றார். ஏழாம் எட்வர்டின் முடிசூட்டைக் கொண்டாட அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருந்த விறகுக்கு முன்கூட்டியே தீ மூட்டினார். சொல்லாலான எதிர்ப்பும் உடலால் குறுக்கிடும் எதிர்ப்பும் இணைந்தே வந்தன என்பதற்கு இது தொடக்கச் சான்று. அன்று எதிர்த்தரப்பில் நின்றவர்கள் ஏகாதிபத்தியச் சார்பினர் என்பதால், மரபுக் காப்பும் தேசியமும் ஒரே குரலில் பேச முடிந்தது. நூறாண்டுகளுக்குப் பின் எதிர்த்தரப்பில் நின்றது விடுதலை பெற்ற அயர்லாந்தின் அரசே. அதனால் போராட்டத்தின் மொழியும் மாற வேண்டியதாயிற்று.

சட்டம் கற்ற பாடம்

அயர்லாந்தின் தேசிய நினைவுச்சின்னச் சட்டம் 1930இல் இயற்றப்பட்டது. நினைவுச்சின்னத்தைச் சிதைப்பதை அது தடுக்கிறது. எனினும் உரிய அமைப்புகள் இணைந்து இசைவளித்தால் பொதுநலன் கருதி அகற்றலாம் என்ற வாயிலையும் திறந்து வைத்தது. இவ்வாயில் டப்ளினின் வுட் கீ பகுதியில் முதன்முறையாகப் பெரிய அளவில் பயன்பட்டது. மாநகராட்சி அலுவலகம் கட்டத் தோண்டியபோது வைக்கிங் காலக் குடியிருப்பு வெளிப்பட்டது. 1978இல் உயர் நீதிமன்றம் அதனைத் தேசிய நினைவுச்சின்னம் என அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ஏறத்தாழ 20,000 பேர் பேரணி சென்றனர். இணைந்த இசைவு வழங்கப்பட்டு வேலை தொடர்ந்தபோது, 1979 சூனில் எதிர்ப்பாளர்கள் களத்தையே கைப்பற்றி ஏறத்தாழ மூன்று வாரம் தங்கினர். வரலாற்றுப் பேராசிரியரான எஃப். எக்ஸ். மார்ட்டின் இயக்கத்தை முன்னின்று நடத்தினார். அகழாய்வுக்குக் கூடுதல் காலம் கிடைத்தது. கட்டடம் எழுவது நிற்கவில்லை.

அடுத்த மோதல் டப்ளினின் தென்புறத்தில் உள்ள கேரிக்மைன்ஸ் கோட்டையில். எம்50 சுற்றுச்சாலையின் பாதையில் கிடந்த இக்கோட்டை எச்சங்களை 2002இல் செயற்பாட்டாளர்கள் ஆக்கிரமித்துக் காத்தனர். 2003 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடையாணை வழங்கியது. இணைந்த இசைவு முறையாகப் பெறப்படவில்லை என்ற வாதம் அங்கே எடுபட்டது. அரசின் மறுமொழி சட்டத்திருத்தமாக வந்தது. 2004ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கேரிக்மைன்ஸில் சாலை முடிவதற்குத் தனி விதி வகுத்ததோடு, சுற்றுச்சூழல் மதிப்பீட்டின் வழி ஒப்புதல் பெற்ற சாலைகளில் தொல்லியல் பணிகளை அமைச்சரின் நெறியுரைகளின்கீழ்க் கொண்டுவந்தது. முன்னர் பல அமைப்புகளிடம் பகிர்ந்திருந்த அதிகாரம் ஒருவரிடம் குவிந்தது. கேரிக்மைன்ஸில் நேரடி நடவடிக்கை பெற்ற வெற்றியே தாராவில் அதன் கையைக் கட்டியது எனலாம்.

லிஸ்மல்லின்

எம்3 திட்டத்துக்குத் திட்ட மேல்முறையீட்டு வாரியம் 2003 ஆகஸ்டில் ஒப்புதல் தந்தது. 2005 மே மாதத்தில் சுற்றுச்சூழல் அமைச்சர் டிக் ரோச், தாரா - ஸ்க்ரீன் பகுதிக்குட்பட்ட 38 இடங்களில் அகழாய்வுக்கான நெறியுரைகளை வெளியிட்டார். அவற்றையும் 2004 சட்டத்தையும் எதிர்த்து ஒரு செயற்பாட்டாளர் தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் 2006 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. சட்டவழி இவ்வாறு அடைபட்ட பின்னரே களப்போராட்டம் முழு வேகம் பெற்றது.

2007 வசந்தத்தில் சாலைப்பணி முறையாகத் தொடங்கிய நாட்களிலேயே லிஸ்மல்லினில் பெரும் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. மேல்மண் அகற்றப்பட்ட இடத்தில், மரக்கம்பங்கள் நட்ட குழிகள் இரட்டை வளையமாக அமைந்து ஏறத்தாழ 80 மீட்டர் விட்டமுள்ள வட்ட வளாகத்தைக் காட்டின. அதன் நடுவே 16 மீட்டர் அளவிலான சிறிய வட்டம் ஒன்றும் இருந்தது. நுழைவு கிழக்கு நோக்கியது. இரும்புக் காலச் சடங்கு வளாகம் என இது இனங்காணப்பட்டது. கார்த்திகை விண்மீன் கூட்டத்தின் எழுச்சியோடு நுழைவின் திசை தொடர்புடையது என்ற கருத்தும் முன்வைக்கப்பட்டது. குழிகளைத் தவிர அங்கே எஞ்சிய கட்டுமானம் இல்லை. மண்ணின் நிற வேறுபாடே சின்னம். மழையும் வெயிலும் படும்படி திறந்துவிட்டால் அதுவும் நிலைக்காது. அரசுத் தரப்பு இந்நொய்மையையே அகழ்ந்தெடுப்பதற்கான காரணமாகக் காட்டியது.

லிஸ்மல்லின் தேசிய நினைவுச்சின்னம் என அறிவிக்கப்பட்டது. சூன் மாதத்தில் பதவி விலகும் தறுவாயில் இருந்த ரோச், அதனைப் 'பதிவுவழிப் பாதுகாப்பு' முறையில் அகழ்ந்து அகற்ற நெறியுரை தந்தார். அடுத்துப் பொறுப்பேற்றவர் பசுமைக் கட்சியின் ஜான் கோர்ம்லி. எதிர்க்கட்சியில் இருந்தபோது அவர் கட்சி இச்சாலைப் பாதையை எதிர்த்திருந்தது. முன்னவரின் ஆணையைத் திரும்பப் பெறத் தமக்குச் சட்ட அதிகாரம் இல்லை என அவர் கூறினார். எதிர்ப்பாளர்களின் ஏமாற்றம் இவரிடத்தேயே மிகுதியாக வெளிப்பட்டது இயல்பானது.

ராத் லூ முகாம்

பாதையின் விளிம்பில், மரங்கள் அடர்ந்த மணற்பரல் மேட்டின் மீது ராத் லூ என்னும் பழைய அரண் உள்ளது. அங்கே செயற்பாட்டாளர்கள் முகாமிட்டனர். இதற்குத் தற்காலிகப் பாதுகாப்பு ஆணையைக் கோர்ம்லி பிறப்பித்தார் என்றாலும், மேட்டின் அடிவாரம் வெட்டப்படும் அச்சம் நீங்கவில்லை. 2008 மார்ச்சில் இளம்பெண் ஒருவர் முகாமில் தோண்டப்பட்டிருந்த சுரங்கத்தில் இறங்கித் தம்மைப் பிணைத்துக்கொண்டார். கனரக எந்திரங்கள் அருகே இயங்கினால் சுரங்கம் சரியும் இடர் இருந்தமையால் பணி நின்றது. இரண்டரை நாட்களுக்குப் பின், பேச்சுவார்த்தைக்கு வழி பிறந்ததும் அவர் வெளியே வந்தார். இவ்வுத்தி 1990களில் இங்கிலாந்தின் சாலை எதிர்ப்புப் போராட்டங்களில் வளர்ந்தது. தன் உடலை இடருக்குள்ளாக்கி, எதிர்த்தரப்பின் பாதுகாப்புக் கடமையையே தடையாக மாற்றுவது அதன் இயங்குமுறை. இதனால் சாலையை நிறுத்த இயலாது. செலவையும் காலத்தையும் கூட்ட இயலும்.

பிற வடிவங்களும் இருந்தன. 2007இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மலைமீது திரண்டு யாழ் வடிவில் நின்றனர். யாழ் அயர்லாந்தின் அரசுச் சின்னம். நோபல் பரிசு பெற்ற கவிஞர் ஷேமஸ் ஹீனி 2008இல் பிபிசி நேர்காணலில் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார். உலக நினைவுச்சின்ன நிதியம் 2008ஆம் ஆண்டுக்கான இடர்ப்பட்டியலில் தாராவைச் சேர்த்தது.

பதிவும் பாதுகாப்பும்

பதிவுவழிப் பாதுகாப்பு என்னும் தொடரில் முரண் ஒன்று உள்ளுறைந்துள்ளது. அகழாய்வு தன் சான்றை அழித்தே அறிவைப் பெறுகிறது. ஒரே மண்ணடுக்கை இருமுறை அகழ முடியாது. ஆகவே பதிவு எத்துணை நுட்பமாயினும், அகழ்ந்தவரின் வினாக்களுக்கே அது விடை தரும். இன்னொரு புறம், சாலைப்பணி இல்லையேல் லிஸ்மல்லின் கண்டறியப்பட்டிராது என்ற வாதமும் உண்மையே. அயர்லாந்துத் தொல்லியலாளர்கள் இவ்விரு நிலைகளுக்கிடையே பிளவுபட்டனர். அன்றைய பொருளாதார வளர்ச்சியில் அத்துறையினரின் வேலைவாய்ப்பு பெரும்பாலும் சாலைத் திட்டங்களைச் சார்ந்திருந்தது என்பதையும் மறக்கலாகாது.

எல்லையைத் தொலைவால் அளப்பது அயர்லாந்துக்கு மட்டும் உரிய பழக்கமன்று. இந்தியாவில் 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் வகுத்துள்ளது. இவ்வளவை எளிதில் நடைமுறைப்படுத்தலாம். ஆயினும் தாரா போன்ற பரந்த நிலப்பரப்பு அதற்குள் அடங்காது.

எதிர்ப்பின் குறைகளையும் குறிப்பிட வேண்டும். மீத் மாவட்டத்தினர் பலர் நாள்தோறும் டப்ளினுக்கு வேலைக்குச் செல்பவர்கள். பழைய சாலையின் நெரிசல் அவர்களுக்கு வாழ்க்கைச் சிக்கல். மாற்றுப் பாதை, நேவன் நகருக்கான தொடர்வண்டி ஆகிய யோசனைகள் எதிர்ப்பாளர்களால் முன்வைக்கப்பட்டன. எனினும் தொன்மப் பெருமிதப் பேச்சு அவற்றை மூடி மறைத்தது. இயக்கம் பல குழுக்களாகப் பிரிந்து இயங்கியதும் அதனை மெலிவித்தது.

சாலைக்குப் பின்

எம்3 சாலை 2010 சூன் 4 அன்று திறக்கப்பட்டது. அதே ஆண்டு தாராவை உள்ளடக்கிய அயர்லாந்தின் அரச இருக்கைகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் அரசால் சேர்க்கப்பட்டன. தனியார் பங்கேற்புடன் சுங்கச்சாலையாக அமைந்த இதில் போக்குவரத்து உறுதியளிக்கப்பட்ட அளவை எட்டாததால், அரசு ஒப்பந்தப்படி ஈட்டுத்தொகை செலுத்த நேர்ந்தது. 2011 மார்ச் 3 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், ஐரோப்பிய ஆணையம் தொடுத்த வழக்கில் அயர்லாந்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இடிப்பு வேலைகளைச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் வரம்பிலிருந்து விலக்கியது குற்றங்களுள் ஒன்று. லிஸ்மல்லின் அகற்றம் அவ்வழக்கில் பேசப்பட்டது. அப்போது வாகனங்கள் அவ்விடத்தின்மீது ஓடத் தொடங்கி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. 1930 முதல் இயங்கிய நினைவுச்சின்னச் சட்டத் தொகுதிக்கு மாற்றாக 2023இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது.

லிஸ்மல்லின் அகழாய்வின் முழு அறிக்கை 2013இல் நூலாக வெளிவந்தது. வட்ட வளாகத்தின் ஒவ்வொரு குழியும் அளவிடப்பட்டு அதில் வரையப்பட்டுள்ளது. அந்நூலை வெளியிட்டது தேசியச் சாலை ஆணையம்.