கோடைக்கால மலையேற்றமும் முகாமும்: பதின்பருவத்தினருக்கான பொருள்கள்

மலையேற்றம் என்று தமிழில் பொதுவாகச் சொல்லப்படுவது கயிறு கட்டிப் பாறையில் ஏறும் விளையாட்டு அன்று. முதுகில் பையுடன் காட்டுவழியிலும் புல்வெளியிலும் நடந்து செல்லும் பயணமே அது. இரவில் தங்கினால் முகாமும் அதில் சேர்ந்துவிடும். தேர்வு முடிந்த விடுமுறையில் இதற்குப் புறப்படும் பதின்மூன்று முதல் பத்தொன்பது வயது வரையிலான பிள்ளைகளுக்கு எதை வாங்குவது என்ற கேள்வி வீட்டில் எழும். கடையில் இருப்பது நீண்ட பட்டியல். பிள்ளையின் முதுகு தாங்குவதோ சில கிலோ மட்டுமே.

பொருளுக்கு முன்னால்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில், மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த கோடைப் புல்லில் தீ பரவும்போது எந்த ஷூவும் எந்தப் பையும் காப்பாற்றாது. அதன் பிறகு மலையேற்றத்துக்கான விதிகளை அரசு வகுத்தது. தமிழ்நாட்டின் காட்டுப்பாதைகள் தீ அபாயக் காலமான பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை பொதுவாக மூடப்படுகின்றன. வனத்துறையின் அனுமதியும் உடன் வரும் வழிகாட்டியும் உறுதியான பிறகே பொருள் வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். காட்டுக்குள் அடுப்பு மூட்டவும் தடை உண்டு. ஆகவே சிறிய கேஸ் அடுப்பு, தீப்பெட்டி போன்றவை தொடக்கத்திலேயே பட்டியலிலிருந்து நீங்கிவிடுகின்றன.

எடைக் கணக்கு

சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது மலைநடைக்காரர்கள் பொதுவாகப் பின்பற்றும் அளவு. அனுபவம் இல்லாத பிள்ளைக்கு அதைவிடக் குறைவாக இருப்பது நல்லது. 45 கிலோ எடையுள்ள ஒரு மாணவிக்கு உச்ச அளவு 9 கிலோ. மிதமான வெயிலில் நடக்கும்போது மணிக்கு ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் தேவைப்படும். ஆறு மணி நேர நடைக்கு 3 லிட்டர், அதாவது 3 கிலோ. வெறும் பை ஒன்றரைக் கிலோ இருக்கும். தூக்கப்பை 1.2 கிலோ. இருவர் படுக்கும் கூடாரத்தைத் தோழியுடன் பங்கிட்டால் இன்னொரு 1.2 கிலோ. இதிலேயே 6.9 கிலோ போய்விட்டது. உணவு, மாற்றுடை, விளக்கு, மருந்து எல்லாம் மீதமுள்ள 2.1 கிலோவுக்குள் அடங்க வேண்டும். மடக்கு நாற்காலியும் பாட்டுப்பெட்டியும் எங்கே போகும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

கணக்கில் தண்ணீரை மட்டும் குறைக்கக் கூடாது. எடையைக் கண்டு பயந்து பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. வழியில் ஓடை உண்டு என்று வழிகாட்டி உறுதியாகச் சொன்னால் ஒரு லிட்டரைக் குறைக்கலாம். அப்போது குளோரின் மாத்திரையோ வடிகட்டியோ கையில் இருக்க வேண்டும். மாத்திரை போட்டபின் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைத் தாகத்தில் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டிலோ பலமுறை பயன்படும் உறுதியான பாட்டிலோ தேவை.

காலும் முதுகும்

கையிருப்புப் பணம் ஒரே ஒரு பொருளுக்குத்தான் போதும் என்றால் அதை ஷூவுக்குச் செலவிடலாம். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், நடைக்குப் போடப்போகும் காலுறையுடன் அளவு பார்க்க வேண்டும். இறங்கும்போது விரல்கள் முன்பக்கம் இடிக்காத அளவு இடம் இருக்க வேண்டும். அடிப்பகுதியில் ஆழமான பள்ளங்கள் உள்ள ஷூவே காய்ந்த மண்ணிலும் சருகிலும் வழுக்காமல் பிடிக்கும். வளரும் வயதில் பாதம் சில மாதங்களிலேயே பெரிதாகிவிடும் என்பதால் மிக விலையுயர்ந்த தோல் பூட்ஸ் வீண். எதை வாங்கினாலும் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தெருவில் போட்டு நடந்து பழக்க வேண்டும். புது ஷூவோடு மலையேறுபவர் கொப்புளத்தோடுதான் இறங்குவார்.

ஒரு நாள் நடைக்குப் பள்ளிப்பையே போதும். இரவு தங்கினால் 35 முதல் 45 லிட்டர் கொள்ளளவுள்ள, இடுப்புப் பட்டை கொண்ட பை வேண்டும். எடையைத் தோளிலிருந்து இடுப்புக்கு மாற்றுவது அந்தப் பட்டைதான். பெரியவர்களின் பையைக் கடன் வாங்கினால், பட்டை பிள்ளையின் இடுப்பெலும்பின் மேல் உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். தொடைக்கு இறங்கினால் அந்தப் பை ஆகாது.

பகல் வெயிலும் இரவுக் குளிரும்

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். மதுரையில் 38 டிகிரி கொதிக்கும் நாளில், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் 24 டிகிரி அளவில்தான் இருக்கும். இரவில் இன்னும் இறங்கும். கோடைமழை பெய்துவிட்டால் நனைந்த பருத்திச் சட்டை உடல் சூட்டை உறிஞ்சிவிடும். பகல் நடைக்குப் பருத்தி தவறில்லை, ஆனால் படுக்கும்போது போட ஒரு முழு உலர்ந்த உடையைப் பிளாஸ்டிக் உறையில் கட்டித் தனியே வைத்திருக்க வேண்டும். அதை நடையில் தொடவே கூடாது. உண்ணிச்செடியின் முள் கீறாதிருக்க முழுக்கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் ஏற்றவை. வெளிர் நிறமாகவும் இருக்கட்டும். கறுப்பு நிறமும் வாசனைத் திரவியமும் மலைத்தேனீக்களைச் சீண்டக் கூடியவை.

கோடைக்குத் தடித்த தூக்கப்பை வேண்டியதில்லை. 10 டிகிரிக்கு ஏற்றதாகக் குறிக்கப்பட்டது போதும். அதைவிட முக்கியம் அடியில் விரிக்கும் பஞ்சுப்பாய். உடல் சூட்டைத் தரைதான் அதிகம் இழுக்கும். கூடாரத்தில் இருபுறமும் வலைச்சன்னல் இருந்தால் உள்ளே வியர்வை தங்காது. யானை நடமாட்டமுள்ள பகுதியில் உப்பு, அரிசி, பழம் எதையும் கூடாரத்துக்குள் வைத்துத் தூங்கக் கூடாது. அவற்றை எங்கே வைப்பது என்று வழிகாட்டி சொல்வார்.

சிறு பொருள்கள்

நெற்றியில் கட்டும் விளக்கு கைகளை விடுவிக்கும் என்பதால் டார்ச்சைவிட நல்லது. கழுத்தில் தொங்கும் விசில், கைப்பேசிச் சமிக்ஞை இல்லாத இடத்தில் குரலைவிட அதிக தூரம் கேட்கும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை வாங்கும்போது அது ஒரு லிட்டருக்கானதா 200 மில்லி லிட்டருக்கானதா என்று படிக்க வேண்டும், இரண்டுமே கடையில் கிடைக்கின்றன. ஆஸ்துமா உள்ளவர் இன்ஹேலரைப் பெரிய பையின் அடியில் அன்றி, சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். மாதவிலக்கு நாள் இல்லாவிட்டாலும் மாணவிகள் நாப்கினும், பயன்படுத்தியதைத் திரும்ப எடுத்துவர மூடக்கூடிய உறையும் கொண்டுசெல்வது நல்லது.

பாம்புக்கடிக்கென்று விற்கப்படும், நஞ்சை உறிஞ்சும் கருவிகளால் பயனில்லை. கடிவாயைக் கீறுவதும் இறுகக் கட்டுவதும் தீங்கு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து 108 ஊர்திக்கும் மருத்துவமனைக்கும் வழி தேடுவதே செய்யத்தக்கது. அந்தப் பணத்தில் ஒரு மீள்கட்டுத் துணியும் பிளாஸ்திரியும் வாங்கலாம். காலில் எரிச்சல் தொடங்கியவுடனேயே, கொப்புளம் எழும் முன், பிளாஸ்திரியை ஒட்ட வேண்டும்.

வாங்கியும் கடன் வாங்கியும் சேர்த்த பொருள்களைப் பையில் அடுக்கி, தண்ணீரையும் நிரப்பி, வீட்டு எடைக்கருவியில் நிறுத்துப் பார்க்கலாம். பிறகு அதே பையுடன் அருகிலுள்ள குன்றுக்கோ மாடிப்படிகளுக்கோ ஒரு மணி நேரம் ஏறி இறங்கினால், தோளை அறுக்கும் பட்டையும் தேவையற்ற பொருளும் அங்கேயே தெரிந்துவிடும். ஊர் திரும்பியதும் கூடாரத்தை விரித்து நிழலில் உலர்த்திய பிறகே மடிக்க வேண்டும். ஈரத்தோடு பரணில் போட்டால் அடுத்த கோடையில் பூஞ்சை வாடைதான் மிஞ்சும்.