மண்ணுக்குள் மனிதர் – 14: முக்குளித்தவன் காது

சென்ற வாரம் கறுப்பு மம்மிகளோடு நிறுத்தியிருந்தேன். இறந்தவரின் தோலை உரித்து, சதையை வழித்து, எலும்புக்குக் குச்சி வைத்துக் கட்டி, சாம்பல் குழைத்துப் பூசி, மறுபடி தோலைப் போர்த்திய, வட சிலிக் கடற்கரையின் சின்சோரோ மக்களை மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தவர்கள், பழைய இதழை எடைக்குப் போட்டிருக்காவிட்டால், எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் சிவப்பு மம்மிகள் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வரும். அதற்கு முன் ஒரு காது.

சிவப்பு மம்மிகளுக்காகக் குறிப்பெடுக்க உட்கார்ந்தவன், 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சிக்கிக்கொண்டேன். விவியன் ஸ்டாண்டன், பெர்னார்டோ அரியாசா, கலோஜெரோ சாந்தோரோ மூவரும் செய்தது. வட சிலியில் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழங்கால மண்டையோடுகளை எடுத்து ஒவ்வொன்றிலும் காதுத் துளையைப் பார்த்திருக்கிறார்கள். பல்லை எண்ணுவார்கள், மண்டையின் சுற்றளவை அளப்பார்கள் என்று தெரியும். காதுக்குள் எட்டிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவர்கள் தேடியது ஒரு சின்ன எலும்புப் புடைப்பு. செவிக்குழாயின் உள்பாதியில் எலும்பின் மேல் மெல்லிய தோல் மட்டும்தான் இருக்கிறது. குளிர்ந்த நீர் ஆண்டுக்கணக்கில் அங்கே பட்டுக்கொண்டே இருந்தால், எலும்பு மொட்டு மொட்டாகப் புடைக்க ஆரம்பிக்கும். நாளாக ஆகக் குழாய் குறுகும். சிலருக்குக் காதே மந்தமாகும். இன்று குளிர்கடலில் அலைச்சறுக்கு விளையாடுபவர்களுக்கும் இதே புடைப்பு வருகிறது.

முடிவைக் கேளுங்கள். கடலோரத்தில் வாழ்ந்தவர்களில் 100க்கு 30 பேருக்குமேல் இந்தப் புடைப்பு இருந்தது. உள்ளே தள்ளிப் பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர்களில் 100க்கு 2 பேர். மேலே மலைநாட்டில் ஒருவருக்குக்கூட இல்லை. ஒரே நாடு, ஒரே பாலைவனம். எலும்பை மட்டும் கையில் கொடுத்தாலும் யார் கடலில் இறங்கியவர், யார் மலையில் இருந்தவர் என்று ஓரளவு பிரித்துவிடலாம்.

அட்டகாமா பாலைவனத்தை ஒட்டிய கடலில் வெயிலை நம்பி இறங்க முடியாது. தென்துருவப் பக்கத்திலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டம் அதைச் சில்லென்று வைத்திருக்கிறது. அந்தத் தண்ணீரில் மூழ்கி, பாறையில் ஒட்டிய சிப்பியைக் கடற்சிங்கத்தின் விலா எலும்பால் நெம்பி எடுத்திருக்கிறார்கள். புடைப்பு ஆண்களிடமே அதிகம் என்பதால், முக்குளித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்களின் கணுக்கால் எலும்பில் வேறொரு தடம் தெரிகிறது: நெடுநேரம் குந்தி உட்கார்ந்து வேலை செய்ததால் தேய்ந்த தடம்.

எனக்குக் காது என்றாலே எங்கள் ஊர்ப் பம்புசெட்டுக் கிணறுதான் ஞாபகம் வரும். முங்குநீச்சல் போட்டி வைத்து மாலைக்குள் காது அடைத்துவிடும். பாட்டி பூண்டைத் தட்டி நல்லெண்ணெயில் காய்ச்சி, சூடு ஆற விட்டு இரண்டு சொட்டு விடுவாள். அந்த ஆய்வைப் படித்த சூட்டில், காது மருத்துவரான என் நண்பனிடம் ஓடி, “எலும்பு வளர்ந்திருக்கா பாரு” என்றேன். விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “அழுக்கு வளர்ந்திருக்கு” என்றான். அப்படியானால் தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்களுக்கு? மன்னார் வளைகுடா வெதுவெதுப்பான கடல். அங்கே ஆழத்தின் அழுத்தத்தில் செவிப்பறை கிழியும். இந்தப் புடைப்புக்கு வேண்டிய குளிர் அங்கே இல்லை.

உதவி ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். “சிவப்பு மம்மிக்குப் படம் வரைஞ்சாச்சு சார், நீங்க காதுன்றீங்களே?” அவர் பாவம். சிவப்புக்கு வருகிறேன்.

கி.மு. 2500ஐ ஒட்டி வட சிலியின் அரிக்கா கடற்கரையில் மம்மி செய்யும் முறை மாறுகிறது. உடலை முழுதாக உரித்துப் பிரிப்பதை விட்டுவிட்டு, தோளிலும் தொடை இடுக்கிலும் முழங்காலிலும் கீறி உள்ளுறுப்புகளை எடுத்தார்கள். தலையைத் தனியே எடுத்து மூளையை நீக்கி, மறுபடி பொருத்தினார்கள். தோலுக்கு அடியில் குச்சி செருகி, உள்ளே மண்ணும் இறகும் அடைத்து, கீறலைத் தைத்து, உடம்பெல்லாம் செங்காவி பூசினார்கள். நீளமான கூந்தலால் பொய்முடி வைத்தார்கள். சிலவற்றில் அது இரண்டடி வரை தொங்குகிறது. மண்பாண்டம் செய்யாத, பயிர் வைக்காத மீனவர்கள் இவர்கள். அரசர், பெரியவர் என்று பார்க்காமல் கருச்சிதைவில் போன சிசுவுக்கும் இத்தனையும் செய்தார்கள்.

பார்த்துப் பார்த்துச் செய்த இந்த அலங்காரத்தில், போனவரை எப்படிப் பார்க்க ஆசைப்பட்டார்கள் என்பது தெரிகிறது. அவர் எப்படிப் பிழைத்தார் என்பதைக் காது சொல்கிறது. பொய்முடிக்கும் களிமண் முகத்துக்கும் அத்தனை பாடுபட்டவர்கள் செவிக்குழாயைத் தொடவில்லை. அதில் ஒரு கணக்கு எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஈமச்சடங்கை ஆராய்பவர்கள் குழியில் வைத்த பொருளை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது என்று இந்தத் தொடரின் முதல் வாரத்திலிருந்து சொல்லி வருகிறேன். காதைவிட நல்ல சாட்சி எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

1983இல் அரிக்காவில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது 96 உடல்கள் வெளிப்பட்டதையும், ஹோட்டல் கட்டத் தோண்டிய இன்னோர் இடத்தில் கிடைத்த எலும்புகளை அப்படியே விட்டு மேலே கண்ணாடித் தளம் போட்டு அருங்காட்சியகமாக்கியதையும் எழுத நினைத்தேன். பக்கம் முடிந்துவிட்டது.

சிசுக்களைப் பற்றி மட்டும் அடுத்த வாரம் தள்ளிப்போடாமல் எழுத வேண்டும். மிகப் பழைய மம்மிகளில் பல குழந்தைகளுடையவை. அவை கமரோனஸ் பள்ளத்தாக்கில் கிடைத்தவை. அந்த ஆற்றுத் தண்ணீரில் இயற்கையாகவே ஆர்சனிக் கலந்திருக்கிறது: லிட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவைப்போல் இது 100 மடங்கு.