காற்றும் கூரையும் காணியுறுதியும்

நக்கிள்ஸ் மலைச்சாரலை அடுத்த பன்வில தேயிலைத் தோட்டங்கள் மிகுந்த பிரதேசமாகும். பலத்த காற்று வீசுங்கால் இங்குள்ள லயன்களில் முதலிற் பெயர்வது கூரைத் தகரமே. ஒரே கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள் வாழ்வதால் ஒரு காம்பராவின் சேதம் அடுத்ததையும் பாதிக்கின்றது.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2006இல் இயற்றிய சட்டம், புயலுக்கு முன்னரே வீட்டைப் பரிசோதித்துக் கூரையை வலுப்படுத்த வீட்டுரிமையாளர்க்கு மானியம் அளிக்க வகைசெய்தது. இலங்கையின் 2005ஆம் ஆண்டு 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் அனர்த்தத் தணிப்பைக் குறிப்பிடுகின்றது. எனினும் அத்தகைய மானியத்தை அது ஏற்படுத்தவில்லை.

ஏற்படுத்தினும் பெறுவோர் யார்? தலைமுறைகளாக லயனில் வாழும் தொழிலாளரிற் பெரும்பாலோர் உரிமையாளரல்லர். காணி பெரும்பாலும் அரசினுடையது. முகாமை அரச நிறுவனங்களிடமோ 1992இன் பின் வந்த கம்பனிகளிடமோ உள்ளது.

எனவே, கூரையைக் காக்கும் சட்டம் காணியுறுதியிலிருந்து தொடங்குதல் வேண்டும். அன்றேல் 'உரிமையாளர்' என்னுமிடத்துக் 'குடியிருப்போர்' என எழுதுதல் வேண்டும்.